சிதறிய புள்ளிகள் சொல்லும் கதை

சென்ற ஞாயிறன்று வெள்ளவத்தையிலுள்ள நமது இல்லத்துக்கு வந்த மருமகன், தன் கணிதக் கொப்பியை விரித்து வைத்துவிட்டு முகம் வாடி நின்றான். வகுப்பு மாணவர் ஒவ்வொருவரின் உயரத்தையும் கைச்சாணின் நீளத்தையும் அளந்து, வரைபுத்தாளிலே புள்ளியிட்டு வரும்படி பணித்திருக்கிறார்கள். பையன் புள்ளிகளைச் செவ்வனே இட்டிருந்தான். இட்டபின் அவற்றையெல்லாம் கோடுகளால் இணைத்தும் விட்டான். மின்னல் வெட்டியதுபோல் இருந்தது படம்.

“இணைத்தது பிழையா, மாமா?” என்றான்.

காலை முதல் மாலைவரை வெப்பநிலையை அளந்து புள்ளியிட்டால் இணைக்கலாம். இரு புள்ளிகளுக்கிடையே நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கோ ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாணவன். ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையே இருப்பவர் எவருமிலர். ஆதலால் சிதறல் வரைபைப் புள்ளி புள்ளியாகப் பின்தொடர்தல் ஆகாது. சற்றே எட்ட நின்று, கூட்டம் எப்பக்கம் சாய்கிறதெனப் பார்க்கவேண்டும். இதனை நாமும் பட்டப்படிப்புக்கு வந்த பின்பே உணர்ந்தோம் என்பதை மருமகனிடம் சொல்லவில்லை.

சாண் கணக்கிலே பையனுக்குச் சுவை பிறக்கவில்லை. ஆகவே நமது நாட்டின் கதையொன்றைத் தாளில் மாதிரிப் படமாக வரைந்து காட்டினோம்.

1946ஆம் ஆண்டில் இலங்கையில் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 பேர் இறந்தனர். 1947இல் அத்தொகை 14 அளவுக்கு இறங்கியது. அக்காலத்திலேதான் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளித்து மலேரியா நுளம்புகளை ஒழிக்கும் பணி நாடெங்கும் நடந்தது. காரணம் அதுவே எனப் பலர் முடிவு கட்டினர். பிறெடெறிக்சன் என்னும் ஆய்வாளர் மறுத்தார்: மலேரியா இல்லாத பகுதிகளிலும் இறப்புக் குறைந்ததே, அது எவ்வாறு? பீற்றர் நியூமன் 1965இல் ஒரு நூலே எழுதி மலேரியா ஒழிப்பின் பக்கம் நின்றார்.

இவ்வழக்கில் மாவட்டங்களே புள்ளிகள். கிடை அச்சில் மலேரியாவின் கடுமை. அதை அறிய முன்னாளில் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேரெனக் கணக்கெடுத்தனர். காய்ச்சற்கட்டி என்று நம் முன்னோர் சொன்னது இவ்வீக்கத்தையே. நிலைக்குத்து அச்சில், இறப்பு வீதம் எவ்வளவு குறைந்தது என்பது. கொழும்பு, களுத்துறை, காலி ஆகியன இடப்பக்கம். அநுராதபுரமும் வவுனியாவும் வலப்பக்கம். வலப்பக்கம் போகப்போகக் கூட்டம் மேலேறுகிறது.

“அப்படியானால் டி.டி.ரி.தான் காரணம்!” என்றான் பையன்.

“இடக்கோடியையும் பார்” என்றோம். முழுப் பெருமையும் மலேரியா ஒழிப்புக்கே உரியதாயின், மலேரியா இல்லாத இடத்திலே கூட்டம் அடிக்கோட்டைத் தொடவேண்டும் அன்றோ? தொடவில்லை. கொழும்பிலும் இறப்புக் குறைந்திருந்தது. அடிக்கோட்டுக்கு மேலுள்ள அந்த உயரம் மருத்துவமனைகள் பெருகியதாலா, புதிய மருந்துகளாலா, பங்கீட்டு அரிசியாலா என்பதை இப்படம் சொல்லாது. மலேரியாவால் அன்று என்பதை மாத்திரம் சொல்லும். 1974இல் கிறே என்பவர் மாவட்டக் கணக்குகளை ஆராய்ந்து, போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு ஏறக்குறைய நாலிலொன்று என்றார்.

இதுவரை பேசாதிருந்த நமது அன்னையார் வெகுண்டெழுந்தார். “நாலில் ஒன்றா? வன்னியிலே என் அம்மா இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். மருந்து தெளித்த பிறகு பிறந்த நாங்கள் எல்லோரும் தப்பினோம். படித்தவர்கள் எழுதிவிட்டால் சரியா?”

அன்னையார் சொல்வதும் பொய்யன்று. நாலிலொன்று என்பது தீவு முழுவதற்குமான சராசரி. அந்நாளில் மக்கள் நெருங்கி வாழ்ந்த தென்மேற்கிலே மலேரியா அரிது. அது வாட்டிய வன்னியிலே குடிகள் சிலர். வவுனியாவின் புள்ளி இடக்கோடியைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அவ்வளவும் காய்ச்சல் ஒழிந்ததன் பேறெனக் கொள்ள இடமுண்டு. அப்புள்ளிக்குள்ளே நம் பாட்டியாரின் வீடும் இருக்கிறது.

அன்னையார் மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு தாளருகே குனிந்தார்.

“இதில் வவுனியா எது, ராசா?”

மருமகன் வலப்பக்கத்து மேல் மூலையிலே விரலை வைத்தான்.