வீடு நம்முடையது, திறப்பு யாருடையது?

ஏறாவூரில் திருகோணமலை வீதியோரமாக உள்ள கொமினிகேஷன் கடைகளுள் ஏதேனும் ஒன்றில் ஒரு காலை வேளையில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர், பல அறிக்கைகளைப் படித்தும் அறியமுடியாத ஓர் உண்மையை அங்கே அறிந்துகொள்வார். செங்கலடிப் பக்கத்து விவசாயி ஒருவர் வருகிறார். வங்கியிலிருந்து ஏதோ செய்தி வந்திருக்கிறது. கைத்தொலைபேசி எதையோ கேட்கிறது. என்ன கேட்கிறதென்பது அவருக்கு விளங்கவில்லை. கடைப் பையன் தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்கிறான். அவருக்குத் தெரியாது. "போன தரமும் நான்தானே போட்டுத் தந்த அண்ணன், கொப்பியில இரிக்கும்" என்று சொல்லிப் பையன் மேசை லாச்சியிலிருந்து ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்துப் புரட்டுகிறான்.

அந்தக் கொப்பியைப் பற்றித்தான் நாம் எழுத வந்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், கடவுச்சொல் என வரிவரியாக அதிலே எழுதப்பட்டிருப்பது சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களின் திறப்புக்கோர்வையேயன்றி வேறில்லை. பையனை நாம் குறைகூறவில்லை. அவன் நல்லவன், ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் அரசாங்கமும் வங்கியும் செய்யத் தவறிய ஊழியத்தைச் செய்பவன். அவன் இல்லாவிட்டால் 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கியூஆர்க் குறியீடு பெற்று உழவு இயந்திரத்திற்கு டீசல் அடித்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? பசளை மானியம் பணமாக வங்கிக் கணக்கிற்கு வரத் தொடங்கிய பின்னரும், 2023 இல் அஸ்வெசும உதவி தொடங்கப்பட்ட பின்னரும், முதியவர்கள் அவனிடமே சென்றார்கள். ஆயினும் கொப்பி கொப்பிதான். கடை உடைக்கப்பட்டால்? பையன் வெளிநாடு சென்று வேறொருவன் அந்த மேசையில் உட்கார்ந்தால்? மின்னஞ்சலின் கடவுச்சொல்லைப் பெற்றவன் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிட வழியுண்டு. மறந்த கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும் கடிதங்கள் பெரும்பாலும் அந்த மின்னஞ்சலுக்கே வருகின்றன அல்லவா? தலைவாசல் திறப்பு ஒருவன் கையில் இருக்கும்போது உள்ளறைப் பூட்டுகள் எதற்கு?

வயலின் எல்லைக்கட்டு ஒரு சாண் நகர்ந்தால் வட்டைவிதானையாரிடமும் பொலிசிடமும் நீதிமன்றத்திடமும் ஓடுகின்ற நம் மக்கள், வாழ்நாட் சேமிப்பின் திறப்பை யாரிடம் கொடுத்தோம் என்பதைக் கேட்பதேயில்லை. இதற்கு அறியாமை காரணமென்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நாம் அதை ஏற்கவில்லை. நீர் மட்டத்தையும் மாரி மழையின் போக்கையும் கணக்கிட்டுப் பெரும்போகம் செய்கின்ற ஒருவருக்கு ஆறு எழுத்துக் கடவுச்சொல் விளங்காமற் போகுமா? விளங்காமற் போவது மொழிதான். திரையில் எழும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் எழுகிறது. "சரி" என்பதையும் "வேண்டாம்" என்பதையும் நிறம் பார்த்து அழுத்துகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். 1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியென்றது. 1988 இன் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளைச் செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், தமிழ் பேசும் விவசாயியின் கையிலுள்ள கருவியோடு அரசாங்கமும் வங்கியும் பேசுகின்ற மொழி எது என்பதை எவரும் ஒரு பகற்பொழுதில் எண்ணிப் பார்த்துவிடலாம். தமிழில் பேசும் இடங்களிலும் அது மொழிபெயர்ப்பாளரின் தமிழாக இருக்கிறதேயொழிய மனிதருக்கு விளங்கும் தமிழாக இருப்பது அரிது.

நம்முடைய குற்றமும் இதிலே உண்டு. அலுவலகங்களில் இன்றும் பலர் பாமினி எழுத்துருவிலேயே தமிழைத் தட்டச்சிடுகிறார்கள். பாமினியில் "அம்மா" என்று அடித்ததைக் கணனி அம்மாவென்று அறிவதில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே அதனை வைத்துக்கொண்டு, தமிழ் முகமூடி ஒன்றை அணிவிக்கிறது. பாமினி இல்லாத இன்னொரு கணனியில் அதே கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடுகிறது. கச்சேரிக்கு அனுப்பிய கடிதம் வெறும் கிறுக்கலாகக் கிடப்பதற்கும், ஆயிரம் பெயர் கொண்ட பட்டியலில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாததற்கும் காரணம் இதுவே. வைரசும் அன்று, கணனியின் பழுதும் அன்று. ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது 1991 இல். ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு இலங்கையின் தரமாக வகுக்கப்பட்டுள்ளது. கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைக்கு ஒருங்குறியில் எழுதுகின்ற அதே எழுதுவினைஞர் அலுவலக மேசைக்கு வந்ததும் பாமினிக்குத் திரும்புவது பழக்கமேயன்றி வேறில்லை. இதைத் திருத்துவதற்கு எந்த அரசாங்கத்தின் தயவும் வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் கணனி அறிவு எத்தகையது என்பதை 2023 ஆகத்து மாதம் நாடு கண்டது. அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகத்து 26 வரை வந்த கடிதங்களும் சென்ற கடிதங்களும் மீளமுடியாமற் போயின. காரணம் மிகச் சாதாரணமானது. பயன்படுத்தி வந்த மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2023 ஏப்பிரில் 11 உடன் நிறுத்திவிட்டது. புதிய பதிப்பிற்கு மாறவேண்டுமென்ற எண்ணம் 2021 முதலே இருந்தும் பணமில்லையென்று பிற்போடப்பட்டது. காப்புப் பிரதியும் அதே இணைப்பிலேயே இருந்தமையால் தாக்குதல் அதையும் தின்றது. தனியே துண்டித்து வைத்த பிரதி அந்த மூன்றரை மாதங்களுக்கு இருக்கவில்லை. ஒரு வீட்டிற்குள்ளேயே நெல்லையும் விதைநெல்லையும் வைத்து வீடு தீப்பற்றியதற்கு ஒப்பானது இது. எந்த விவசாயியும் அவ்வாறு செய்யமாட்டார். ஓர் அரசாங்கம் செய்தது.

காணி உறுதி எழுதும் முறையைப் பாருங்கள். மூலப் பிரதி உரிமையாளரிடம். ஒரு பிரதி நொத்தாரிசிடம். மற்றொன்று காணிப் பதிவகத்தில். 1978 நவம்பர் 23 இன் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட இரவில் கூரையோடு எத்தனையோ வீட்டுப் பெட்டகங்கள் போயின. உறுதி போனவர் காணி போனவராகிவிடாமற் காக்கும் முறை இதுவேயன்றோ? கணனிக்கும் இதே விதிதான். கணக்குகளும் படங்களும் கணனியில் ஒன்று. வெளி வன்தட்டில் ஒன்று, பிரதியெடுத்தவுடன் கழற்றிவைத்து. வேறு வீட்டிலோ இணையத்திலோ ஒன்று. நெல் ஆலை நடத்துகிறவரும் மருந்தகம் வைத்திருப்பவரும் சட்டத்தரணியும் கிழமைக்கு ஒருமுறை இதைச் செய்வதற்கு அரைமணி நேரம் போதும்.

நாம் பிறருக்குப் புத்தி சொல்லுமுன் நம் வெட்கத்தையும் சொல்லிவிடவேண்டும். ஒருமுறை அச்செடுப்பதற்காக வெளியே கொண்டுசென்ற பென் டிரைவ் திரும்பி வந்தபோது அதிலிருந்த கோப்புறைகள் யாவும் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தன. பதறிப்போய் அதனை முற்றாக அழித்துச் சுத்தம் செய்தோம். ஓராண்டுக் கணக்குப் போயிற்று. அத்தகைய வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துவைக்கவே செய்கிறது. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கணனிக்குச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே இருந்திருக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அன்றிலிருந்து பழுது என்று கண்டால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருவது நமது வழக்கமாயிற்று.

அந்த ஐந்து நிமிடம் பல பழுதுகளுக்குப் போதுமானது. இணையம் வரவில்லையென்றால் ஒரு கருவிக்கு மட்டும் வரவில்லையா, வீட்டில் எல்லாவற்றிற்குமா என்று பார்க்கவேண்டும். ஒன்றுக்கு மட்டுமாயின் குறை அந்தக் கருவியில். எல்லாவற்றிற்குமாயின் ரவுட்டரில் அல்லது வெளிக் கம்பியில். ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிடம் விட்டு மீண்டும் கொடுத்தால் பல நேரங்களில் அதுவே சரியாகிவிடும்; தொழில்நுட்பவியலாளரும் வந்து முதலில் செய்வது அதைத்தான், கூலி மட்டும் வேறு. இடிமின்னற் காலங்களில் மின்செருகியோடு செப்புத் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடவேண்டும்; மின்னல் இரு வழியாலும் வரும். மின்சாரத்தைப் பற்றி என்ன சொல்வது! 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் தீவு முழுவதும் இருளடைந்தது. குரங்கை நம்பியிருக்கும் நாட்டில் கணனிக்கு ஒரு யூபிஎஸ் வாங்கிவைப்பது ஆடம்பரமன்று.

இவற்றைவிடப் பெரியது ஏமாற்று. வங்கியிலிருந்து பேசுவதாகவோ, பரிசு விழுந்ததாகவோ, பொதி வந்திருப்பதாகவோ ஒரு குரல் இனிய தமிழிலேயே பேசும். கள்வனுக்கு நம் மொழி தெரிகிறது, பாருங்கள். சற்று நேரத்தில் தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கங்களைக் கேட்கும். அந்த இலக்கம் வங்கிக் கணக்கின் ஒருமுறைத் திறப்பு, அல்லது வட்ஸ்அப் கணக்கை இன்னொரு தொலைபேசிக்கு மாற்றும் உத்தரவு. அதைச் சொல்லிவிட்டால் நம் பெயரால் நம் உறவினரிடமே அவசரக் கடன் கேட்கப்படும். கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகள் தாயின் படத்தைக் கண்டு பணம் அனுப்பிவிடுவார்கள். எந்த வங்கியும் அந்த இலக்கத்தைத் தொலைபேசியிற் கேட்பதில்லை. சந்தேகமானால் பேசியவரை விட்டுவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்திற்கு நாமே அழைக்கவேண்டும். வட்ஸ்அப்பில் இரண்டாவது கடவெண் ஒன்றை இட்டுவைத்தால் இந்தத் திருட்டு பெரும்பாலும் பலிக்காது.

களவுப் பிரதி விண்டோசைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதியில் கணனி வாங்கும்போது அதுவும் இலவசமாகவே வருகிறது. அதைத் திறந்துவிடும் சிறு நிரல் முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும். காவல்நாயைக் கட்டிப்போடச் சொல்லும் விருந்தாளியை நாம் வீட்டிற்குள் விடுவோமா? 2017 மே 12 இல் வன்னாகிறை என்ற வைரஸ் 150 க்கு மேற்பட்ட நாடுகளில் கணனிகளைப் பூட்டியது. அதற்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. பூட்டப்பட்டவை பெரும்பாலும் அதனை ஏற்றிக்கொள்ளாதவை. விண்டோஸ் 10 இற்கான வழமையான திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றன. பழைய கணனி புதிய பதிப்பைத் தாங்காவிடில் இலவசமான லினக்ஸ் உண்டு. கணக்கெழுதவும் கடிதமெழுதவும் அது தாராளமாகப் போதும்.

சட்டங்கள் இல்லையென்று சொல்வதற்கில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் தன் திறப்பைத் தானே பிறருக்குக் கொடுத்தவரைச் சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்? ஏறாவூர் நகர், ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகங்களிலும் கமநல சேவை நிலையங்களிலும், தமிழ் பேசும் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் கிழமையில் ஒரு நாளாவது பொதுமக்களுக்காக அமரவேண்டுமென்று கோருகிறோம். வங்கிகள் அனுப்பும் ஒவ்வோர் எச்சரிக்கையும் வாடிக்கையாளர் கேட்ட மொழியில் வரவேண்டுமென்றும் கோருகிறோம். வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் விடுமுறையில் ஊர் வாசிகசாலைகளுக்கு வந்து இவற்றைச் சொல்லிக்கொடுக்க எந்த வர்த்தமானியும் தேவையில்லை.

கடவுச்சொல்லை எழுதிவைக்கக் கூடாதென்று சொல்பவர்கள் உண்டு. வயது சென்றவர்களுக்கு அது நடவாத காரியம். எழுதட்டும், ஆனால் தங்கள் வீட்டுக் கொப்பியில் எழுதித் தங்கள் பெட்டகத்தில் உறுதியோடு வைக்கட்டும். தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளையின் பெயரையும் விட்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், களவும் போகாது. அதற்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்று: அடுத்த தடவை ஏறாவூருக்குப் போகும்போது அந்தக் கடைக்குச் சென்று கொப்பியில் தங்கள் பெயருள்ள வரியை முற்றாக வெட்டிவிடச் சொல்லிக் கேட்கவேண்டும். பையன் மறுக்கமாட்டான், இவ்வளவு பேருடைய திறப்புகளைச் சுமப்பது அவனுக்கும் பாரம்தான். வீட்டிற்கு வந்து கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்.