சீகையை வெட்டிய பிறகு

நீலகிரியின் மேற்கு விளிம்பில், கேரளத்தை நோக்கிச் செங்குத்தாகச் சரியும் பாறை முகடுகளை ஒட்டி 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. மலை மடிப்புகளில் சோலை, மேடுகளிலெல்லாம் புல். வரையாட்டைக் காப்பதற்காக 1982-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. அங்கும் சுற்றியுள்ள மலைகளிலும் புல்வெளியை விழுங்கிவரும் சீகை மரங்களை அகற்ற வேண்டும் என்பதில் இன்று அரசுக்கும் அறிவியலாளர்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நல்லது. ஆனால் அந்த மரம் அங்கே வேரூன்ற ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அதை ஓரிரு நிதியாண்டுகளில் முடித்துவிடலாம் என்ற அவசரம்தான் கவலை தருகிறது.

பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1819-ல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டி ஒரு ஊராக எழுந்தது. குளிருக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டும். அருகிலிருந்த சோலைகள் வெட்டுண்டு கரைந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் சீகையும் கற்பூர மரமும் கொண்டுவரப்பட்டன. எங்கே நடுவது? மரமில்லாத மேடுகள் கண்ணெதிரே கிடந்தன. அவை வீணாகக் கிடக்கும் நிலம் என்று ஆங்கிலேய அதிகாரிகள் நினைத்தார்கள். காடாக இருந்து அழிந்த இடம் என்றுகூட நம்பினார்கள்.

உண்மை நேர்மாறானது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா சதுப்பின் அடியில் படிந்திருக்கும் கருமண்ணை ஆராய்ந்தவர்கள், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மலையில் புல் இருந்ததற்கான தடயங்களைக் கண்டார்கள். மார்கழி, தை மாத உறைபனி திறந்த மேட்டில் முளைக்கும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்று மலை தானாகவே பிரித்து வைத்துக்கொண்டதில் பனிக்கும் பெரிய பங்கு உண்டு.

1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சட்டம் வந்தது. கட்டற்ற வேட்டையிலிருந்து வரையாட்டைக் காத்ததில் அந்தச் சட்டத்துக்கும் அதை ஒட்டி இயங்கிய சங்கத்துக்கும் பங்குண்டு, மறுக்க முடியாது. ஆனால் ஆடு காக்கப்பட்ட அதே காலத்தில் அது மேயும் புல் தோட்டமாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இது நின்றதா என்றால், இல்லை, பெருகியது. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் என்று ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் மேலும் மேலும் நட்டோம். வெள்ளைக்காரன் மேல் மட்டும் பழி போட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பழனி மலையில் 1973-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் மட்டும் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

இதன் விலையைக் கீழே இருப்பவர்களும் கொடுக்கிறார்கள். கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று உண்டு. ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நட்ட இடத்தின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி தழைத்த சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுக்கிறோம், பவானிப் பாசனத்தில் நெல் விளைவிக்கிறோம். இவையெல்லாம் அந்த மேடுகளில் இறங்கும் மழையை நம்பியவை.

இப்போது வெட்டுகிறோம். வெட்டிய இடத்தை அடுத்த மழைக்குப் பின் குனிந்து பார்த்தால் வேலையின் கனம் புரியும். கீரைப்பாத்தி போல நெருக்கமாகச் சீகை நாற்றுகள் முளைத்து நிற்கும். இந்த விதையின் தோல் அவ்வளவு கடினம். பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். மரம் போய் வெயில் பட்டாலோ நெருப்புச் சூடு பட்டாலோ விழித்துக்கொள்ளும். விரல் நீள நாற்றை ஈரமண்ணில் வேரோடு பிடுங்கிவிடலாம். ஓராண்டு விட்டால் தண்டு கட்டையாகிவிடும். ஒடித்தால் மறுபடி தழைக்கும். ஆக, வெட்டுவது முதல் நாள் வேலை மட்டுமே. மீதி முழுக்கக் களையெடுப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், பனிக்குத் தப்பிய சோலைக் கன்றுகள் வளர்ந்து நிற்கின்றன. பழனி மலையில் நெடுங்காலம் சோலை நாற்றங்கால் நடத்திய வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இதைச் சுட்டிக்காட்டி, கண்மூடித்தனமாக வெட்டாதீர்கள் என்றார்கள். ஆதியில் அது புல்வெளி என்பதற்காக முளைத்து நிற்கும் சோலையை அழிக்கலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். அந்தத் தோப்புகளை மெல்ல மெல்லச் சோலையாக விட்டுவிடலாம். இன்னும் புல் உயிரோடிருக்கும் இடத்தில்தான் நம் முழு பலத்தையும் காட்ட வேண்டும்.

புல்லைத் திரும்பக் கொண்டுவர யாரைக் கேட்பது? தோடர்களைத்தான். எருமை மேய்த்து, கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீயிட்டுத் தளிர்க்க வைத்துத் தலைமுறைகளாக அந்த மேடுகளோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல் இன்று தேடி அலைய வேண்டிய பொருளாகிவிட்டது. தீயை வனத்துறை தடுத்ததற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் எந்த மாதம், எந்தச் சரிவில், எவ்வளவு என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. சீகை விதை கிடக்கும் மண்ணில் நெருப்பு வைப்பது ஆபத்து, விதையில்லாத புல்வெளியில் அப்படியில்லை. இந்தப் பாகுபாட்டை அவர்களோடு உட்கார்ந்து பேசி வரையறுக்க வேண்டும்.

2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. அதே ஆண்டு வரையாட்டுக்கெனத் தனித் திட்டமும் அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள், மறு ஆண்டு 1,303. ஒரே ஆண்டு வித்தியாசத்தை வைத்து மகிழ்ந்துவிட வேண்டாம் என்றாலும், அக்கறை தொடங்கியிருக்கிறது என்பது ஆறுதல். இனி ஒரு சரிவில் சீகையை வெட்ட உத்தரவு போடும்போதே, அடுத்த இருபது ஆண்டுக் களையெடுப்புக்கான கூலியும் அதே உத்தரவில் ஒதுக்கப்பட வேண்டும். அவ்வளவு பணம் இல்லையென்றால் வெட்டும் பரப்பைக் குறைத்துக்கொள்வோம். நல்ல புல்வெளிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் தனி மரங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே மண்ணில் விதை குறைவு, செலவும் குறைவு.