இரட்டையில் ஒருவருக்கு வலிப்பென்றால் மற்றவருக்கும் வருமா?



எங்கள் பாடசாலையில் இரட்டைப் பிள்ளைகள் இருவர் படிக்கிறார்கள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. போன வருடம் காலைக் கூட்டத்தில் மகன் வலிப்பு வந்து விழுந்தான். ஆசிரியர்களான நாங்களே திறப்புக் கோர்வையை அவன் கையில் திணித்தோம், கரண்டி தேடி ஓடினோம். (இரண்டுமே பிழை. வாயில் எதையும் வைக்காமல் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அழைக்க வேண்டும்.) பிறகுதான் தெரிந்தது, அவன் இரண்டு வருடமாகக் கிளினிக் போகிற பிள்ளை. கூட்டாளிமார் காண்பார்கள் என்று குளிசையை விட்டிருக்கிறான்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று உம்மாவிடம் கேட்டோம். "சேர், இவன்ட கதை வெளிய போனா நாளைக்கு மகளை ஆரு கேட்டு வருவாங்க? ரெட்டைப் புள்ளைதானே, அவளுக்கும் இருக்கும் என்டுதானே சொல்லுவாங்க" என்று அழுதார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் "அந்தக் குடும்பத்துல வலிப்பாம்" என்று காதில் போடுகிறவர்கள் யார்? நாங்கள்தானே.

ஒரு கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு வலிப்பு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது, உண்மை. அதிலும் கட்டாயம் வரும் என்றில்லை. ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இந்தப் பிள்ளைகளோ இரண்டு தனிக் கருக்கள். மரபணுவைப் பார்த்தால் வேறு வேறு வருடத்தில் பிறந்த நானா, தங்கச்சி மாதிரித்தான். அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் செய்து 2014இல் வெளியான ஆய்வின்படி, வலிப்பு உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 40 வயதுக்குள் அது வருவது 100க்கு 5 பேருக்கும் குறைவு. பொதுவாக 100க்கு ஒருவருக்குச் சற்று மேல். கூடுதல்தான். ஆனால் 95 பேருக்கு வரவில்லையே! தலையில் அடிபட்டோ, மூளைக்காய்ச்சலிலோ, பிறக்கும்போது மூச்சுத் திணறியோ வந்த வலிப்பென்றால், அந்தக் காயம் இரத்த உறவு வழியாகப் பரவுவதில்லை. எந்த வகை என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு மாமி அல்ல.

வலிப்பால் வருந்திய ஒரு பெண்மணி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புஹாரியில் இருக்கிறது. பொறுமைக்குச் சுவர்க்கம் என்ற நற்செய்தி அவருக்குக் கிடைத்தது. நாங்கள் அதே நோயைச் சொல்லிச் சம்பந்தத்தைக் குழப்புகிறோம்.

ஒழுங்காக மருந்து எடுத்தால் 100க்கு 70 பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மகன் இப்போது நேரம் தவறாமல் குளிசை எடுக்கிறான், ஞாபகப்படுத்துவது தங்கச்சி. இப்படிப் பிள்ளை இருக்கிற பெற்றோர் தயவுசெய்து வகுப்பாசிரியரிடம் மட்டுமாவது சொல்லி வையுங்கள். குளிசை நேரத்தையும் ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். விசயம் எங்களைத் தாண்டிப் போகாது.