ஓசோன் உடன்பாட்டில் ஓர் ஓட்டை: பாச்சோக் காற்று காட்டிக்கொடுத்தது என்ன?

செப்டம்பர் 16, உலக ஓசோன் நாள். அன்று நாம் கேட்பது பெரும்பாலும் நல்ல செய்திதான். 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்பாட்டால், குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஏர்கோன்களிலும் பயன்பட்ட சிஎஃப்சி வாயுக்கள் படிப்படியாக ஒழிக்கப்பட்டன. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. அண்டார்டிக்காவின் மேலுள்ள ஓசோன் படலம் 2066 வாக்கில் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று ஐநா ஆதரவுடன் இயங்கும் அறிவியலாளர் குழு கணித்துள்ளது.

ஆனால், உடன்பாட்டின் பட்டியலில் இல்லாத ஒரு வாயு நம் கிளந்தான் கரைவரை வந்து போகிறது.

பாச்சோக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஓராம் தலைமையிலான குழு, 2014 தொடக்கத்தில் அங்கே காற்று மாதிரிகளைச் சேகரித்தது. தைவானின் வடமுனையிலும், பயணிகள் விமானத்தில் பொருத்திய கருவிகள் மூலம் 10, 12 கிலோமீட்டர் உயரத்திலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. 2017இல் முடிவுகள் வெளிவந்தன. டைகுளோரோமீத்தேன் உள்ளிட்ட குளோரின் வாயுக்கள், எதிர்பார்த்ததைவிட அதிக அளவில் அந்த மாதிரிகளில் இருந்தன.

பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதல்ல. பழைய சாயத்தை உரிக்கவும், உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும், மருந்துத் தயாரிப்பில் கரைப்பானாகவும் பயன்படும் திரவம் இது. திறந்து வைத்தால் எளிதில் ஆவியாகிவிடும். இதை ஏன் மாண்ட்ரியல் உடன்பாடு கட்டுப்படுத்தவில்லை? சிஎஃப்சி-11 காற்றில் ஏறக்குறைய 50 ஆண்டுகள் தங்கும். டைகுளோரோமீத்தேனோ ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஓசோன் படலத்தை எட்டுமுன் அழிந்துவிடும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தது நமது பருவக்காற்று. கிழக்குக்கரை மாநிலங்களில் வெள்ளத்தைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். சீனாவிலிருந்து குளிர்காற்று திடீரெனப் பாய்ந்து வரும் நாள்களில், அங்குள்ள தொழிற்பேட்டைகளின் வாயுக்கள் சில நாள்களிலேயே தென்சீனக் கடலைக் கடந்து நம் பகுதிக்கு வந்துவிடுகின்றன. நில நடுக்கோட்டை ஒட்டிய வானில் எழும் இடிமேகங்கள், மின்தூக்கியைப் போல அவற்றை மேலே ஏற்றிவிடுகின்றன. ஆறு மாத ஆயுளுக்கு இந்தக் குறுக்குவழி தாராளம்.

நாம் புகைமூட்டக் காலத்தில் அடிக்கடி பார்க்கும் காற்று மாசுக் குறியீட்டில் இது தெரியாது. அந்தக் குறியீடு நுண்துகள்களையும் வேறு சில வாயுக்களையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது.

கடலுக்கும் இதில் பங்கு உண்டு. கடற்பாசிகள் இயற்கையாகவே புரோமோஃபார்ம் என்ற வாயுவை வெளியிடுகின்றன. ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமின் அணு ஒரு குளோரின் அணுவைவிட ஏறத்தாழ 60 மடங்கு வலுவானது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த பாங் சியூ மோய், பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நம் கடலோரப் பாசிகளையும் பண்ணைகளில் வளர்க்கப்படும் பாசிகளையும் அளந்திருக்கிறார். இதற்காகச் சபாவில் பாசி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களைக் குற்றவாளியாக்குவது அபத்தம். பாசி எப்போதும் செய்து வந்ததையே செய்கிறது. ஆலைகள் அப்படியல்ல.

2011க்கும் 2019க்கும் இடையே சீனாவின் டைகுளோரோமீத்தேன் வெளியேற்றம் இரு மடங்குக்கும் மேல் கூடியது. அந்த வளர்ச்சி அப்படியே நீடித்தால் அண்டார்டிக்கா ஓசோன் மீட்சி 30 ஆண்டு வரை தள்ளிப்போகலாம் என்றும், அளவு கூடாமல் நின்றால் ஐந்தாண்டு தாமதமாகலாம் என்றும் 2017இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ரயான் ஹொசைனியின் குழு கணக்கிட்டது. 30 என்ற எண்ணைத் தலைப்புச் செய்தியாக்குவது சுலபம். எந்தத் தொழிலும் ஒரே வேகத்தில் முடிவின்றி வளர்வதில்லை என்பதால், நான் அதை எச்சரிக்கையாகவே பார்க்கிறேன். ஐந்தாண்டு என்பதும் சிறிய தாமதமல்ல.

அமெரிக்கா 2024இல் இந்த வேதிப்பொருளின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. தொழிலாளர்களின் உடல்நலமே அதற்குக் காரணம், ஓசோன் அல்ல. மாண்ட்ரியல் பட்டியலை விரிக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. 2016இல் கிகாலியில், ஓசோனைக் குறைக்காத, ஆனால் புவியைச் சூடாக்கும் எச்எஃப்சி வாயுக்களையே அதில் சேர்த்தார்கள். ஓசோனைத் தொடும் வாயுவைச் சேர்க்க அதைவிட வலுவான காரணம் இருக்கிறது. தன் கரையிலேயே எடுத்த அளவுகளோடு அந்தக் கோரிக்கையை மலேசியா முன்வைக்கலாம். சிஎஃப்சியைப் போல அரை நூற்றாண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை: வெளியேற்றம் நின்றால், ஓரிரு ஆண்டுகளிலேயே காற்றில் இதன் அளவு சரிந்துவிடும்.