வண்டியை மாற்றியவர்கள் கவனத்திற்கு

மழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் பாதையில் சாதாரண வண்டி ஓடாது. ஆகவே நம்மவர் சிலர் பழைய ஹைலக்ஸ் வாங்கி, உயர்த்திக் கட்டி, பெரிய டயர் போட்டு, முன்னால் வின்ச் பொருத்துகிறார்கள். தேவைக்குச் செய்வதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் காப்புறுதிப் பாரத்தில் இதில் ஒன்றையும் எழுதுவதில்லை. கேட்டால், “ரோட் டேக்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, அப்புறம் என்ன?” என்கிறார்கள். கோளாறு அங்கேதான்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்புறுதி மட்டுமே. நம் வண்டி கால்வாயில் உருண்டால் அதில் ஒரு காசும் வராது. முழுக் காப்புறுதி இருந்தாலும், மாற்றங்களை மறைத்திருந்தால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். கூட வருகிறவர்களுக்கும் பாதுகாப்பு தானாக உண்டென்று நினைக்காதீர்கள். அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பெறுங்கள். பிறகு மாற்றங்களை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் பதியச் செய்யுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது. ரசீதுகளையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். மலாய், ஆங்கிலம் படிக்க வராவிட்டால், படிக்கிற பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

கட்டணம் கொஞ்சம் கூடலாம். கூடட்டும். வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளி, ஒரு வரி எழுதாத குற்றத்தால் சேற்றோடு போகக் கூடாது என்பதே நம் கவலை.