சாந்தி காசோர்லாவைத் தன்முனைப்பு மேடையிலிருந்து இறக்கிவிடுவோம்

நம் மாணவர் முகாம்களில் விளையாட்டாளர்களின் கதைகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. மதிய உணவுக்குப் பின், கண்கள் சொக்கும் நேரத்தில், பேச்சாளர் திரையில் ஒரு படத்தைக் காட்டுவார். தையல் போட்ட ஒரு கால். குதிகாலுக்கு அருகில் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய தோல். அந்தத் தோலில் பாதி பச்சை குத்திய எழுத்து. “இந்தக் காலோடு இவர் மீண்டும் திடலில் இறங்கினார் என்றால், உங்களால் ஏன் முடியாது?” என்று கேட்பார். அரங்கம் கைதட்டும். தேநீர் இடைவேளை வரும்.

அந்தக் காலுக்கு உரியவர் ஸ்பெயின் நாட்டு மத்தியத் திடல் ஆட்டக்காரர் சாந்தி காசோர்லா. சந்தியாகோ என்பதன் சுருக்கம்தான் சாந்தி. தமிழில் எழுதும்போது பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் போலத் தோன்றுவதற்கு நான் பொறுப்பல்ல! அவர் கதையை மேடையில் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், சொல்லப்படுவது பாதிக் கதை; அதுவும் முக்கியத்துவம் குறைந்த பாதி என்பதே என் கருத்து.

முதலில் அந்தக் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2013 செப்டம்பரில் சிலி அணிக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தில் காசோர்லாவின் கணுக்காலில் அடிபட்டது. வலியோடுதான் அடுத்த சில ஆண்டுகள் ஆடினார். 2016 அக்டோபர் 19ஆம் தேதி லுடோகொரெட்ஸ் அணியை ஆர்சனல் 6-0 என்று வென்ற இரவுதான் அந்தக் குழுவுக்காக அவர் ஆடிய கடைசி இரவு. அறுவைச் சிகிச்சை செய்த காயம் ஆறவில்லை. கிருமி புகுந்து குதிகால் தசைநாரில் சுமார் 8 சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. மொத்தம் எட்டு அறுவைச் சிகிச்சைகள் என்று 2017 நவம்பரில் அவரே சொன்னார். மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே போதும் என்று நினைத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் கூறினார்களாம். இடது கையில் மகள் இந்தியாவின் பெயரைப் பச்சை குத்தியிருந்த இடத்திலிருந்து தோலை எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். ஆம், அந்தக் குழந்தையின் பெயர் இந்தியாதான். 2018இல் வில்லாரியல் குழுவில் மீண்டும் ஆடத் தொடங்கினார். 2019 ஜனவரியில் ரியால் மாட்ரிட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அதே ஆண்டு ஜூனில் தேசிய அணிக்கும் திரும்பினார்.

வியப்புக்குரிய கதைதான். ஆனால், இதில் அவருடைய முயற்சியின் பங்கு எவ்வளவு? பயிற்சியில் அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், விட்டோரியா நகரில் அவருக்குத் தேர்ந்த ஒரு மருத்துவர் கிடைத்தார். திடலில் இறங்கவே முடியாத நிலையிலும் ஆர்சனல் அவருடைய ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்தது. கிருமியைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்தார்கள். இவையெல்லாம் கைகொடுத்த பின்னரே முயற்சிக்கு இடம் வந்தது.

அதே ஆர்சனலில் அவருடன் ஆடியவர் பிரான்சு நாட்டின் அபு தியாபி. 2006இல், இருபது வயதைத் தொடுவதற்குள், ஒரு முரட்டு ஆட்டத்தில் கணுக்கால் உடைந்தது. பின்னர் காயத்தின் மேல் காயம். 2015இல் குழுவை விட்டுப் போனார். மார்சே குழுவில் சில ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். கடைசியில் 2019இல் ஓய்வை அறிவித்தார். தியாபி முயலவில்லையா? அவருக்குத் தன்னம்பிக்கை போதவில்லையா? “முயன்றால் முடியும்” என்று காசோர்லாவின் காலைக் காட்டிச் சொல்லும் ஒவ்வொரு முறையும், முயன்றும் முடியாதவர்களை நாம் சத்தமில்லாமல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். தேர்வில் தவறிய மாணவனும், உடல்நலம் கெட்டு ஒரு பருவம் விடுப்பு எடுத்த மாணவியும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கால் அழுகியது அவருக்கு நேர்ந்தது. அவரே தேர்ந்தெடுத்தது வேறு. அதைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் மாநிலம். மழையும் மலையும் நிலக்கரிச் சுரங்கங்களும் உள்ள பகுதி. அங்குள்ள யனேரா என்ற ஊரில் 1984ஆம் ஆண்டு பிறந்தவர் காசோர்லா. உயரம் 168 சென்டிமீட்டர். அண்டை நகரமான ஒவியேதோவின் குழு ரியால் ஒவியேதோ, 1926இல் தொடங்கப்பட்டது. அதன் இளையோர் அணியில்தான் அவர் பந்தாடக் கற்றார். இரண்டு கால்களாலும் கார்னர் எடுப்பார், இரண்டு கால்களாலும் பினால்டி அடிப்பார். இவருக்குப் பழக்கமான கால் எது என்று எதிரணிக்குத் தெரியாமலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

2003இல் அந்தக் குழு சரிந்தது. ஆட்டத்தில் தோற்று இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி வைத்ததால், தண்டனையாக மேலும் ஒரு படி இறக்கி நான்காம் பிரிவுக்குத் தள்ளினார்கள். நகராட்சியே இவர்களைக் கைவிட்டு, ஊரிலிருந்த வேறொரு சிறிய குழுவின் பெயரை மாற்றி அதற்கு ஆதரவு கொடுத்தது. ரசிகர்கள் மட்டும் அசையவில்லை. பழைய நீலச் சட்டையோடு நான்காம் பிரிவு ஆட்டங்களுக்குப் போனார்கள். காசோர்லாவுக்கு அப்போது பதினெட்டு வயது. முதல் அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஊரை விட்டுக் கிளம்பி வில்லாரியலுக்குப் போனார்.

அவர் போன இடங்களையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தால், ஸ்பெயின் காற்பந்தில் பணம் செய்த வேலை தெரியும். 2006-07 பருவத்தில் ரெக்ரியாதிவோ குழுவில் ஆடினார். 1889இல் தொடங்கிய அது ஸ்பெயினிலேயே பழமையானது. 2016இல் அது கடனில் மூழ்கியபோது உவெல்வா நகராட்சி தலையிட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மீண்டும் வில்லாரியல். 2007-08இல், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் அந்தச் சிற்றூரின் குழு பார்சிலோனாவையும் முந்தி லா லீகாவில் இரண்டாம் இடம் பிடித்தது. 2011இல் காசோர்லாவை விற்றார்கள். அடுத்த பருவமே இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். வாங்கியது மலாகா. (நம் மலாக்கா அன்று, ஸ்பெயினின் தென்கரையில் உள்ள நகரம்.) கத்தார் நாட்டுச் செல்வந்தர் ஒருவரின் பணத்தில் அந்தக் குழு 2012இல் நான்காம் இடத்தைப் பிடித்து, முதன்முறையாகச் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது. அதே கோடையில் பணம் வற்றியது. சம்பளம் தாமதமானது. காசோர்லா ஆர்சனலுக்கு விற்கப்பட்டார். 2023இல் மலாகா மூன்றாம் பிரிவு வரைக்கும் போய் வந்தது.

இடையில் 2008இல் ஸ்பெயினோடு ஐரோப்பியக் கிண்ணம். இத்தாலிக்கு எதிரான காலிறுதியில் பினால்டிகளில் ஒன்றை அடித்தவர் இவர். 2010 உலகக் கிண்ணம் காயத்தால் தவறியது. 2012இல் மீண்டும் ஐரோப்பியக் கிண்ணம். ஷாவி, இனியெஸ்தா, ஃபாப்ரகாஸ், சில்வா, ஷாபி அலோன்சோ எல்லாரும் ஒரே காலத்தில் பிறந்து தொலைத்த நாட்டில் 81 முறை தேசியச் சட்டை அணிந்ததே பெரிய செய்தி.

ஆர்சனல் ரசிகர்களுக்கு 2014 மே 17ஆம் தேதியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. எஃப்.ஏ. கிண்ண இறுதி. ஹல் சிட்டி அணி பத்து நிமிடங்களுக்குள் 2-0 என முந்திவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகக் கிண்ணமே பார்க்காத குழு. நம் விடுதிகளில் மற்ற குழுக்களின் ரசிகர்கள் அந்த ஒன்பது ஆண்டுகளையும் எப்படிக் கொண்டாடினார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை! காசோர்லா ஒரு ஃபிரீ கிக்கை வலைக்குள் செலுத்தினார். அங்கிருந்துதான் ஆட்டம் திரும்பியது. கூடுதல் நேரத்தில் 3-2.

ஆனால், எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்திய ஒரு நவம்பர். 2012இல் ஒவியேதோ மீண்டும் மூழ்கும் நிலைக்கு வந்தது. சில நாள்களுக்குள் சுமார் 2 மில்லியன் யூரோ திரட்டாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஒரு பங்கு 10.75 யூரோ என்று விற்றார்கள். பல்கலைக்கழக நாள்களில் அந்த ஊரில் தங்கிப் படித்த சிட் லோ என்ற ஆங்கிலச் செய்தியாளர் உலகுக்குச் செய்தியைப் பரப்பினார். ஸ்பெயினை வரைபடத்தில் மட்டுமே பார்த்தவர்கள்கூடப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் பிரிமியர் லீகில் ஒவியேதோ வளர்த்த மூவர் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தனர்: ஆர்சனலில் காசோர்லா, செல்சியில் ஹுவான் மாத்தா, சுவான்சியில் மிச்சு. மூவருமே பங்கு வாங்கினார்கள். பின்னர் மெக்சிகோ கோடீசுவரர் கார்லோஸ் ஸ்லிம்மும் பணம் போட, குழு பிழைத்தது.

2020இல் காசோர்லா கத்தாரின் அல் சாத் குழுவுக்குப் போனார். அங்கே பயிற்றுநராக இருந்தவர் ஷாவி. நல்ல சம்பளத்திற்குத்தான் போனார் என்று வைத்துக்கொள்வோம். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. 2023இல், 38 வயதில், ஒவியேதோவுக்குத் திரும்பினார். சம்பளமே வேண்டாம் என்றார். விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே, இரண்டாம் பிரிவில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சச் சம்பளத்திற்குக் கையெழுத்திட்டார். தம் பெயர் போட்ட சட்டைகளின் விற்பனையில் பத்து விழுக்காடு இளையோர் அணிகளுக்குப் போக வேண்டும் என்பது அவர் கேட்டுப் பெற்றது. தம்மை வளர்த்த குழுவின் முதல் அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே அந்த வயதில்தான்.

“பணம் சேர்த்த பிறகு யார் வேண்டுமானாலும் தியாகம் செய்யலாம்” என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மை. கல்விக் கடனைக் கட்டத் தொடங்காத புதுப் பட்டதாரியிடம் போய், “காசோர்லாவைப் போல் குறைந்த சம்பளத்திற்கு வேலை செய்” என்று எந்த முதலாளியாவது சொன்னால், அந்த நேர்முகத் தேர்விலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆனால், காசோர்லாவைப் போலவே பணம் சேர்த்த ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டாம் பிரிவுக் குழுவுக்காக மழையில் பேருந்தேறி வெளியூர் ஆட்டத்திற்குப் போனவர்கள் எத்தனை பேர்?

எனக்குத் தடுமாற்றம் தரும் கேள்வி வேறு. 2022 முதல் ஒவியேதோவின் பெரும்பங்கு மெக்சிகோவின் பச்சுகா குழுமத்திடம் இருக்கிறது. 10.75 யூரோ கொடுத்தவர்கள் காப்பாற்றிய குழு, கடைசியில் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அப்படியானால், காசோர்லா விட்டுக்கொடுத்த சம்பளம் யாருக்கு மிச்சம்? இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால், அந்தப் பத்து விழுக்காட்டை அவர் எங்கே திருப்பிவிட்டார் என்று பாருங்கள். நான்காம் பிரிவில் கிடந்த நாள்களிலும் ஆட்டக்காரர்களை உருவாக்கிக்கொண்டிருந்த இளையோர் அணிகளுக்கு. உரிமையாளர் யாராக இருந்தாலும் எஞ்சி நிற்கும் பகுதி அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் முன்னாள் மாணவர்களிடம் ஒரு சொல். நாம் நம் தமிழ்மொழிக் கழகத்திற்குத் திரும்பி வரும்போது எப்படி வருகிறோம்? சிறப்பு விருந்தினராக. முன்வரிசை நாற்காலி, பொன்னாடை, பத்து நிமிட உரை, நிழற்படம். காசோர்லாவுக்கும் அந்த நாற்காலி காத்திருந்தது. அவர் காலணியைக் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். பேரப்பிள்ளை வயதில் இல்லாவிட்டாலும் தம்பி, பிள்ளை வயதில் இருந்தவர்களோடு இடத்திற்குப் போட்டியிட்டார். பல ஆட்டங்களில் மாற்று இருக்கையில் உட்கார்ந்தார். நாடக இரவுக்கு ஒத்திகை பார்க்கவும், இந்த மலருக்கு மெய்ப்புத் திருத்தவும் ஆள் இல்லாமல் செயலவையினர் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். பொன்னாடைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடியதை ஒருமுறையும் பார்த்ததில்லை.

அவர் அழகுக்காக வைத்திருந்த பழைய பொருளா, உண்மையிலேயே பயன்பட்டாரா என்ற ஐயம் சிலருக்கு இருக்கலாம். 2024 ஜூனில் ஒவியேதோ முதல் பிரிவுக்கான தகுதிச் சுற்று இறுதியில் எஸ்பான்யோலிடம் தோற்றது. 39 வயதுக்காரர் விடைபெற நல்ல சாக்கு. அவர் போகவில்லை. 2025இல் மீண்டும் அதே சுற்று. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் அல்மேரியா முந்தியிருந்தபோது, ஃபிரீ கிக்கில் சமன் செய்தவர் காசோர்லா. இறுதியில் எதிரணி மிராண்டேஸ். முதல் ஆட்டம் 0-1 தோல்வி. ஜூன் 21ஆம் தேதி, கார்லோஸ் தார்த்தியேரே அரங்கில் இரண்டாவது ஆட்டம். அங்கும் மிராண்டேஸே முதல் கோலை அடித்தது. மொத்தத்தில் இரண்டு கோல் பின்தங்கிய நிலையில் பினால்டி கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவருக்கு வயது 40. கோல். பிறகு சைரா ஒன்று. கூடுதல் நேரத்தில் பொர்த்தீயோ ஒன்று. 3-1.

2001இல் லா லீகாவை விட்டு இறங்கிய ஒவியேதோ 24 ஆண்டுகளுக்குப் பின் ஏறியது. அந்தக் கோடையில் காசோர்லா இன்னும் ஓராண்டுக்குக் கையெழுத்திட்டார்.