அரசு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் கேம் விளையாட முடியுமா? எது ஓடும், எது ஓடாது?

தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு வழங்கும் புதிய லேப்டாப்பில் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் உள்ளன. ஆனால் லினக்ஸ் பக்கம் போகப் பலருக்கும் தயக்கம். "அதுல கேம் ஓடாது" என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பத்து வருடத்துக்கு முன்பு அது பெரும்பாலும் சரி. இன்று பாதிதான் சரி. மீதிப் பாதி என்ன?

போச்சம்பள்ளியில் ஏன் இந்தக் கேள்வி?

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பேர்போன போச்சம்பள்ளி, இன்று ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை இருக்கும் சிப்காட் ஊர். இங்கிருந்து பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்கும் கிருஷ்ணகிரி கல்லூரிகளுக்கும் பஸ் ஏறும் மாணவர்கள் ஏராளம். படிப்பு முடித்தால் ஓசூர், பெங்களூரு என வேலை தேடிப் போவார்கள். கம்ப்யூட்டர் துறை வேலை என்றால் லினக்ஸ் தெரிந்திருப்பது பெரிய பலம். உலகின் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். ப்ராஜெக்ட், ஆன்லைன் வகுப்பு, வேலைக்கு விண்ணப்பம், கேம் எல்லாமே அதில்தான். லினக்ஸ் போடப் போய் ஏதாவது தவறினால், மாற்று லேப்டாப் கிடையாது. அதனால்தான் தெரிந்து செய்வது முக்கியம்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் புதுசா?

இல்லை. 2000களின் பிற்பகுதியிலேயே, ஐ.ஏ.எஸ். அதிகாரி சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் சுசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம்.

சில ஆண்டுகள் நின்றுபோன லேப்டாப் திட்டம், 2025 மார்ச் பட்ஜெட்டில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்பது இலக்கு. 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கொண்ட லேப்டாப்கள் இவை.

விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது?

கம்ப்யூட்டர் கேம்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. திரையில் படம் வரைய அவை மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் மொழியில் கட்டளை கொடுக்கும். லினக்ஸுக்கு அந்த மொழி தெரியாது. இதுதான் பழைய பிரச்சினை.

ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்ற மென்பொருளை வெளியிட்டது. இது ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. டைரக்ட்எக்ஸில் கேம் சொல்வதை, லினக்ஸுக்குப் புரியும் 'வல்கன்' மொழிக்கு அந்தந்த நொடியே மாற்றிக் கொடுத்துவிடும். விளையாடுபவர் எதுவும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஸ்டீமில் இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் போதும்.

2022 பிப்ரவரியில் வால்வ் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்க கேம் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது. அதன் பிறகு வேகம் கூடியது. ஸ்டீம் பயனர்களில் லினக்ஸ் வைத்திருப்பவர்களின் பங்கு 2025 அக்டோபரில் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான். ஆனால் கேம் நிறுவனங்கள் இனி கண்டுகொள்ளாமல் இருக்க முடியாத எண்.

எது ஓடும்?

* கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2: லினக்ஸுக்கு நேரடிப் பதிப்பே உண்டு.
* பழைய கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6: 2013 முதல் லினக்ஸில் உண்டு. சாதாரண லேப்டாப்பிலும் நன்றாக ஓடும்.
* மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு: நேரடியாக ஓடும்.
* ஜிடிஏ 5 கதைப் பகுதி: புரோட்டான் வழியாக ஓடும்.
* தனியாக உட்கார்ந்து விளையாடும் ஸ்டீம் கேம்களில் பெரும்பாலானவை ஓடும்.

எது ஓடாது?

இங்கேதான் சிக்கல். ஆன்லைனில் பலருடன் மோதும் கேம்களில் ஏமாற்று வேலையைத் தடுக்க 'ஆன்டி சீட்' என்ற காவல் மென்பொருள் இருக்கும். சில கேம்களில் இது விண்டோஸின் அடிமட்டம் வரை இறங்கி வேலை செய்யும். லினக்ஸில் அதற்கு வழியில்லை, அல்லது கேம் நிறுவனமே அனுமதிப்பதில்லை.

* வாலரன்ட், ஃபோர்ட்நைட், கம்ப்யூட்டருக்கான பப்ஜி: லினக்ஸில் ஓடாது.
* ஜிடிஏ ஆன்லைன்: 2024 செப்டம்பரில் புதிய ஆன்டி சீட் வந்தபின் லினக்ஸில் நின்றுபோனது.
* ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்: முன்பு ஓடியது. 2024 அக்டோபர் இறுதியில் நிறுவனமே லினக்ஸைத் தடுத்துவிட்டது.

கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். இன்று ஓடும் ஆன்லைன் கேம் நாளை ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. தொழில்நுட்பம் தடை இல்லாத இடத்திலும், நிறுவனம் கதவைச் சாத்தினால் அவ்வளவுதான்.

நம்ம ஊர் பசங்க அதிகம் விளையாடும் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆகியவை மொபைல் கேம்கள். அவற்றை போனிலேயே விளையாடலாம் என்பதால், லேப்டாப்பில் என்ன இயங்குதளம் என்பது அங்கே பிரச்சினையே இல்லை.

பழைய அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு?

அக்கா, அண்ணனுக்குக் கிடைத்த பழைய லேப்டாப்பைத் தம்பி, தங்கை பயன்படுத்தும் வீடுகள் உண்டு. இவர்களுக்கு லினக்ஸ் விருப்பம் மட்டுமல்ல, தேவையும்கூட. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய புராசசரும் கேட்கும். திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்த லேப்டாப்கள் இதில் தேறாது.

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லுபுன்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் போட்டால், பாதுகாப்பு அப்டேட்டுடன் படிப்பு வேலைக்கு அந்த லேப்டாப் இன்னும் சில ஆண்டு உழைக்கும். ஆனால் கேம் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பழைய கிராஃபிக்ஸ் சிப்களில் வல்கன் வசதி இல்லை, அல்லது அரைகுறை. அதனால் புரோட்டான் வழியே புதிய கேம்கள் ஓடாது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6, சூப்பர்டக்ஸ்கார்ட் மாதிரி கேம்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

லினக்ஸ் போடும் முன் என்ன செய்யணும்?

1. விண்டோஸை அழிக்க வேண்டாம். இரண்டும் இருக்கட்டும். படிப்பும் பெரும்பாலான கேமும் லினக்ஸில், வாலரன்ட் மட்டும் விண்டோஸில் என்று வைத்துக்கொள்ளலாம்.

2. விளையாடும் கேமின் பெயரை 'புரோட்டான் டிபி' தளத்தில் தேடிப் பாருங்கள். எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று பயனர்களே அங்கே எழுதியிருப்பார்கள்.

3. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், டச்பேட் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

4. விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கலாம். பூட் அமைப்பை மாற்றினால் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் உட்பட எல்லா ஃபைலும் போய்விடும். கீயை முதலிலேயே எழுதி வையுங்கள். முக்கிய ஃபைல்களுக்கு வேறு இடத்தில் நகல் எடுங்கள்.

5. 'செக்யூர் பூட்' வசதியை அணைக்கச் சொல்லும் வீடியோக்களைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். உபுன்டு, மின்ட் ஆகியவை அதை அணைக்காமலேயே நிறுவ முடியும். அணைத்துவிட்டால், விண்டோஸ் 11 பக்கத்திலும் வாலரன்ட் ஓடாமல் போகும்.

6. இடத்தைக் கணக்குப் பாருங்கள். 256 ஜிபியை இரண்டு இயங்குதளங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஜிடிஏ 5 மட்டுமே சுமார் 100 ஜிபி பிடிக்கும்.

யாரிடம் உதவி கேட்கலாம்?

தமிழிலேயே லினக்ஸ் பாடங்கள் வெளியிடும் கணியம் அறக்கட்டளை, கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தரும் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு போன்றவை தன்னார்வமாக இயங்குகின்றன. கல்லூரி கம்ப்யூட்டர் ஆய்வகத்திலும் கேட்கலாம். வாரன்டி உள்ள புது லேப்டாப் என்றால், கல்லூரியில் விசாரித்துவிட்டு கை வைப்பது நல்லது.

மொத்தத்தில், தனியாக விளையாடும் கேம்கள்தான் உங்கள் பட்டியலில் இருக்கின்றன என்றால் லினக்ஸுக்கு தைரியமாகப் போகலாம். வாலரன்ட், ஃபோர்ட்நைட் இல்லாமல் முடியாது என்றால் விண்டோஸும் பக்கத்தில் இருக்கட்டும். புது அரசு லேப்டாப்பில் இரண்டுமே ஏற்கெனவே இருப்பதால், பாஸ் லினக்ஸை ஒருமுறை திறந்து பார்க்க ஒரு ரூபாய்கூட செலவில்லை.